கும்பிட்டால் கனக்கும் புத்தகம்

எங்கள் நெடுவாசல்பட்டிக்காரர்களுக்கு எதைக் கண்டாலும் முதலில் கை குவியும், அப்புறம் வாய் திறக்கும், கண் திறப்பதற்குத்தான் ஒரு தலைமுறை ஆகும். அதனால்தான் லூப்னிச் என்ற தூரதேசத்து ஊரைச் சேர்ந்த யூத மதகுரு ரப்பி ஃபைவெல் எழுதிய புத்தகம் எங்கள் ஊரில் பூமிக்குள் இறங்கியபோது, அது ஏன் இறங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, இறங்குகிற இடத்துக்குப் படி கட்டுவது யார் என்று மட்டும் பேசி முடித்தோம்.

அது வந்த வழி சாதாரண வழிதான். யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலேறித் தப்பிய எங்கள் ஊர்ச் செட்டியார் ஒருவரிடம், பக்கத்துக் கடை யூத வியாபாரி அந்தக் கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கொடுத்து, பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். செட்டியார் அதை அரக்குப் பெட்டிகளோடும் பீங்கான் சாடிகளோடும் கட்டி ஊர் கொண்டுவந்து சேர்த்தார், வியாபாரி வரவேயில்லை, செட்டியாரும் காலமாகிவிட்டார், வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்தை வாசிக்க ஆளில்லாததால் புத்தகம் ஆடுகிற அலமாரி ஒன்றின் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போனது. அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்தது. வீட்டைப் பெருக்கும் உண்ணாமலை ஆச்சி ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை உருவித் தூசி தட்டித் திரும்பச் செருகிவிடுவார், அவ்வளவு லேசாக இருந்தது.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வீடு என்றால் தெருவுக்குத் தெரு நீளும், பர்மா தேக்குத் தூண்கள் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நிற்கும், ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள், ஓர் ஓடு மாற்ற வேண்டுமானாலும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், அப்படிச் சம்மதித்ததாகச் சரித்திரம் கிடையாது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் தத்தம் அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். கணவர் இறந்து, பிள்ளையும் இல்லாமல் போன உண்ணாமலை ஆச்சி ஓர் அறையும் அடுப்படியும் தன் பங்காகக் கொண்டு, மிச்ச வீட்டையெல்லாம் கரையானிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு அங்கேயே இருந்தார். அந்தக் கூரையை விட்டால் ஆச்சிக்கு ஒண்டிக்கொள்ள வேறு கூரை இல்லை. பங்காளிகளில் உள்ளூரில் இருந்தவர் சாத்தையா ஒருவர்தான், ஆச்சியின் கணவருக்குத் தம்பி முறை. வடக்கு அறை தன்னுடையது என்று கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டு, அது போதாதென்று தினமும் காலையில் வாசலில் வந்து நின்று, "வடக்கு அறை எங்களுது ஆச்சி, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆச்சி அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

பெரிய வீடுகளைப் பார்க்க வெளிநாட்டார் வருவது எங்களுக்குப் புதிதல்ல. அப்படி ஒரு நாள் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஹெர்ஷ் என்ற நரைத்த தாடிக்காரர், தூணையும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்துக்கொண்டே வந்தவர், அலமாரிக் காலைக் கண்டதும் தரையில் மண்டியிட்டு, புத்தகத்தை உருவி, தூசியோடு சேர்த்து முத்தமிட்டார். அலமாரி சாய்ந்து உள்ளேயிருந்த பீங்கான் எல்லாம் நொறுங்கியது அவர் காதில் விழவில்லை. கூட வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெரிகருப்பன்தான் அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மொழிபெயர்த்தார். யூதர்கள் தங்கள் சட்டங்களைப் பற்றிப் பல நூறாண்டுகள் போட்ட வாதங்களைத் தொகுத்து வைத்த பெருநூல் தால்முத் என்றும், ஆடிப் பாடி ஆண்டவனை நெருங்கலாம் என்று நம்பிய ஹசிதியர் கூட்டத்தில் பிறந்தும் இரவு பகலாக அந்த நூலோடு மல்லுக்கு நின்றவர் ரப்பி ஃபைவெல் என்றும், அவர் எழுதிய விளக்கத்தின் முதல் அச்சில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றே உலகம் நினைத்திருந்தது என்றும் சொன்னார். ஹெர்ஷ் காகிதத்தின் நீலச் சாயத்தைத் தடவிக் காட்டினார். ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டிருப்பதைக் காட்டி, ஒரு கீறல்கூட விழாத ஓரம், இது கோடியில் ஒன்று என்று கண்ணீர் விட்டார்.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க" என்றார் ஆச்சி.

ஹெர்ஷ் பதறிப்போய்ப் புத்தகத்தை மூடினார்.

"நல்லாத் திறந்தா புத்தகத்தோட முதுகு ஒடிஞ்சுரும்கிறாரு ஆச்சி" என்றார் பெரிகருப்பன். "இந்த மாதிரிப் புத்தகத்தை எல்லாம் படிக்க மாட்டாகளாம். வச்சிருப்பாகளாம்."

விற்பதற்கும் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட ஹெர்ஷ், வேண்டிய ஏற்பாடுகளோடு திரும்பி வருவதாகச் சொல்லி, இன்னொரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அபூர்வம் அபூர்வம் என்று தெருவே வந்து கும்பிட்டது. பொழுது சாய்வதற்குள் புத்தகம் வைத்திருந்த மேசையின் கால் முறிந்தது.

எங்கள் ஊர் இதற்கெல்லாம் அசருகிற ஊரா என்ன? மேசை போனால் கல் மேடை என்று வளவின், அதாவது வீட்டு உள்முற்றத்தின், நடுவே மேடை கட்டினோம், மேடை வெடித்ததும் இரும்புச் சட்டம் போட்டோம், சட்டம் வளைந்ததும், ஆகா, எப்பேர்ப்பட்ட கனம், எப்பேர்ப்பட்ட ஞானம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பெரிகருப்பன் தலைமையில் நூல் காப்புச் சபை ஒன்று முளைத்தது, நூலின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஓர் உறுப்பினர்கூட அதில் இல்லை. அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று திறந்து படிக்கக் கூடாது என்பது ஊரறிந்த வழக்கம், மறுநாள் எடுத்துப் படிக்க வேண்டும் என்பதும் அதே வழக்கத்தின் மறுபாதிதான், ஆனால் எங்கள் சபை கூடி, இவ்வளவு பெரிய நூலுக்கு ஒரு நாள் பூஜை கேவலம், இது எப்போதும் பூஜையிலேயே இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டு, அட்டைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து மஞ்சள் நூலால் கட்டிவிட்டது. படிக்காமலிருக்க ஒரு சாக்கு கிடைத்தால் எங்களுக்குத் திருநாள். பரீட்சைப் பிள்ளைகள் சுற்றி வந்தார்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் சுற்றி வந்தார்கள், பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர் பொன்னாடை போர்த்தி அதன் பெருமையை மூச்சுவிடாமல் பேசி முடிப்பதற்குள் அது பொன்னாடையோடு ஒரு முழம் கீழே போயிருந்தது. பள்ளத்தைச் சுற்றிப் பித்தளைக் கம்பி போட்டோம், இறங்கிக் கும்பிடப் படி வெட்டினோம், படிக்குப் பக்கத்தில் ஒருவன் தேங்காய்க் கடை வைத்தான். உடைகிற ஒவ்வொரு தேங்காய்க்கும் அது இன்னும் கொஞ்சம் இறங்கியது, இறங்க இறங்கக் கூட்டம் கூடியது, கூடக் கூட அது இறங்கியது.

ஆச்சியின் அடுப்படி அந்தப் பள்ளத்துக்கு நேர் மேற்கே இருந்தது. முதலில் அடுப்பில் வைத்த பால் ஒரு பக்கமாகப் பொங்கியது, பிறகு உருட்டிவிட்ட பாத்திரம் தானாக வளவுக்குப் போனது, பிறகு சுவரில் ஒரு விரிசல் கிளம்பிக் கூரை வரைக்கும் ஏறியது. ஆச்சி சபையிடம் போனார், புத்தகத்தை எடுத்துவிடுங்கள் என்றார். சங்கிலி போட்டுத் தூக்கிப் பார்த்தோம், சங்கிலிதான் அறுந்தது. சரி, கும்பிடுவதையாவது நிறுத்துங்கள் என்றார். அதற்குப் பங்காளிகள் கூட்டம் போடச் சொன்னார்கள். சென்னைக்காரர்கள் வந்தார்கள், சிங்கப்பூர்க்காரர்கள் போனில் வந்தார்கள், கூரை ஓடு மாற்றவும் தூணுக்கு எண்ணெய் பூசவும் ஒரு தடவைகூட ஒத்துப்போகாத அந்தக் கூட்டம், வீடு போனாலும் பரவாயில்லை, கீர்த்தி இருக்கட்டும் என்று ஒரே குரலில் ஒத்துப்போனது. சாத்தையா மட்டும், "நீங்க என்னத்தையும் பண்ணுங்க, வடக்கு அறை எங்களுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"நான் எங்க போறது?" என்று கேட்டார் ஆச்சி.

"பாக்கியம் ஆச்சி" என்றார் பெரிகருப்பன். "இப்பேர்ப்பட்ட நூல் இறங்குற வீட்டுல இருக்க எத்தனை பேருக்குக் குடுத்து வச்சிருக்கு?"

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி, கெட்டியான தரையில் இருந்தது.

சுவர் விரிசல் கை நுழைகிற அளவுக்கு வந்த பிறகுதான் ஹெர்ஷ் திரும்பி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார், படி இறங்கினார், சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்த புத்தகத்தின் மேல் விழுந்து அழுதார்; என்ன செய்துவிட்டீர்கள், அட்டை பாழ், விலை பாழ் என்று புலம்பிக்கொண்டே அதை முத்தமிட, புத்தகம் அவர் கண் முன்னாலேயே ஒரு சாண் இறங்கியது, ஆச்சியின் அடுப்படிச் சுவர் பாதி பெயர்ந்து விழுந்தது. விழுந்த சுவருக்குள்ளிருந்து, கையில் கரண்டியோடு, தலையெல்லாம் காரையோடு ஆச்சி வந்தார். எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரு கோபத்தைப் பார்த்ததில்லை.

"முத்தம் குடுக்குறான், கும்பிடுறான், தேங்காய் உடைக்கிறான்! ஒரு பயலாச்சும் அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீகளா? என் வீட்டை முழுங்குது, என்ன சொல்லி முழுங்குதுன்னு எனக்குத் தெரியணும். படிக்கச் சொல்லுங்க அந்தாளை."

"முதுகு ஒடிஞ்சுரும் ஆச்சி" என்றார் பெரிகருப்பன்.

"யாரு முதுகு?" என்று கரண்டியை ஓங்கினார் ஆச்சி.

ஹெர்ஷ் மஞ்சள் நூலை அவிழ்த்தார். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார், படக்கென்று முதுகு ஒடிந்தது, அவர் முகத்தில் சாவு வீட்டுக் களை வந்தது. திக்கித் திக்கி வாசித்தார். அவர் அந்தப் பக்கத்தை மட்டுமல்ல, தான் சேர்த்து வைத்திருந்த எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தையும் வாசித்தவரல்ல என்பது மொழி தெரியாத எங்களுக்கே தெரிந்தது. அவர் ஆங்கிலத்தில் பொருள் சொல்லச் சொல்ல, பெரிகருப்பன் மொழிபெயர்த்தார். "பலருக்குச் சொந்தமான ஒரு வீடு. அதுல ஒருத்தன் மட்டும் குடியிருக்கான். கூரை ஒழுகுது. செலவு யாருது? பங்குப்படி எல்லாரும் குடுக்கணும்னு பெரியவுக சொல்றாக. ரப்பி சொல்றாரு, இல்லை, குடியிருக்கிறவன்தான் முழுசும் குடுக்கணும், ஏன்னா மழை மத்தவுக மேல விழல."

கும்பிட வந்த கூட்டம், ஆகா என்றது. புத்தகம் ஒரு விரற்கடை இறங்கியது.

"என்ன ஆகா?" என்றார் ஆச்சி. படி இறங்கிப் புத்தகத்துக்கு நேராகக் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவது போல அதனிடமே பேசினார். "மழை அவுக மேல விழல, சரி. கூரை விழுந்தா அவுக பங்கும் சேந்து என் தலையிலதானே விழும்? அவுக பூட்டிப் போட்ட கதவையெல்லாம் கரையான் தின்னாம யாரு பாத்தது? காவல் இருக்கிறவளுக்குக் கூலியும் கிடையாது, ஓடு மாத்துற காசும் அவ தலையிலன்னா, ஐயா, நீங்க ஒரு நாளாச்சும் வீடு கூட்டியிருக்கீகளா? நீங்க சொன்னது தப்பு."

புத்தகம் எழும்பியது. ஆட்டமில்லாமல், சத்தமில்லாமல், கிணற்றில் ஊறிவரும் தண்ணீரைப் போல ஒரு முழம் மேலே வந்து நின்றது, அதோடு சேர்ந்து தரையும் வந்தது.

ஹெர்ஷ் ஆச்சியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாக, அடுத்த வரியில் ரப்பியே 'இதை மறுப்பதற்கும் வழி உண்டு' என்று எழுதி நிறுத்தியிருக்கிறார் என்றார். தன் தகப்பனாரும் அவருடைய கூட்டாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அடிதடி நடக்கிறதோ என்று தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திப் படித்ததைத் தான் சிறுவயதில் கேட்டிருப்பதாகவும், அந்தச் சத்தம் பிடிக்காமல்தான் புத்தகங்களை விலைக்கு மட்டும் வாங்கத் தொடங்கியதாகவும் சொன்னார்.

"அந்த ஓரம் எதுக்கு இவ்வளவு அகலமா விட்டிருக்கு?" என்று கேட்டார் ஆச்சி.

ஹெர்ஷ் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கோடியில் ஒன்று என்று கண்ணீர் விட்ட அந்த வெள்ளை ஓரத்தில், ஆச்சி சொன்னதைத் தன் எழுத்தில் எழுதினார். புத்தகம் இன்னொரு முழம் மேலே வந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? சென்னைப் பங்காளிகள், அதெப்படி, குடியிருப்பவர்தான் கொடுக்க வேண்டும், ரப்பி சொன்னதே சரி என்று ஆச்சியோடு மோதினார்கள், சிங்கப்பூர்க்காரர்கள் போனில் கத்தினார்கள், தேங்காய்க் கடைக்காரன்கூடத் தனக்கு ஒரு நியாயம் இருப்பதாகச் சொன்னான். ஹெர்ஷ் பக்கத்துக்குப் பக்கம் வாசித்து, தானும் ஓரிடத்தில் ரப்பியை மடக்கி, உடனே அடுத்த பக்கத்தில் ரப்பியிடம் மாட்டிக்கொண்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். புத்தகம் பள்ளத்தைத் தாண்டி, மேடையைத் தாண்டி, ஒரு குழந்தை தூக்குகிற எடைக்கு வந்தது. விரிசல்கள் மூடின, தூண்கள் நிமிர்ந்தன, பால் நடுவாகப் பொங்கியது. ஹெர்ஷ் அதை விலை பேசாமலே ஊருக்குப் புறப்பட்டார். என் வீடு நிறையப் புத்தகம் பூட்டிக் கிடக்கிறது, என் வீட்டுத் தரை ஏன் சரிகிறது என்று இப்போதுதான் புரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் நாய் வாலை நிமிர்த்த யாரால் முடியும்? எங்கள் சபை கூடியது. மறுத்துப் பேசினால் மகிமை என்று தெரிந்துபோனதால், மறுத்துப் பேசுவதை முறைப்படுத்தத் தீர்மானித்தது. ஆச்சி அன்று கேட்ட கேள்விகளை அழகாக அச்சடித்து, மைக் கட்டி, வெள்ளிக்கிழமை தோறும் இருவர் பட்டு வேட்டியில் எதிரெதிரே நின்று, "ஐயா, நீங்க ஒரு நாளாச்சும் வீடு கூட்டியிருக்கீகளா" என்று ராகம் போட்டு ஓத, கூட்டம் உச்சுக்கொட்டியது. மூன்றாவது வெள்ளிக்கிழமை மேடையில் கீறல் விட்டது. எங்களால் எதையும் தேவாரமாக்கிவிட முடியும், அதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

ஆச்சிதான் தினமும் மேடைப் பக்கம் வந்து உட்கார்ந்து வீட்டைக் காப்பாற்றினார். ஹெர்ஷ் எழுதி அனுப்பிய மொழிபெயர்ப்பைத் தாள் தாளாக வைத்துக்கொண்டு, வெங்காயம் உரித்தபடி, புத்தகத்தோடு சண்டை போட்டார். சில நாள், "நேத்து நான் சொன்னதுதான் தப்பு, நீங்க சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு, ஆனா அதையும் முழுசா ஒத்துக்க மாட்டேன்" என்பார். அப்படிச் சொல்கிற நாளில்தான் அது மிகவும் லேசாக இருந்தது, காற்றில் பறந்துவிடாதபடி மேலே அம்மிக் குழவியை வைப்பார்.

இது எங்கள் ஆட்கள் கண்ணில் பட்டுவிட்டது. மறு வருஷம் விஜயதசமியன்று, பெரிகருப்பன் தலைமையில் மாலையும் மேளமுமாக வந்து, ஆச்சியை வளவின் நடுவில் நிறுத்தி, ஞானத் தாயே என்று ஆரம்பித்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று ஆச்சி சொல்லச் சொல்ல, பெரிகருப்பன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் டப்பென்று வெடித்தது. ஆச்சி குனிந்து பார்த்தார். இரண்டு பாதமும் கணுக்கால் வரை தரைக்குள் போயிருந்தன.

"எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க" என்றார் ஆச்சி. "யாராச்சும் நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அந்தக் கூரை விசயத்துல நான் பேசினது தப்பு. சொல்லுங்க."

"நீங்க சொன்னாச் சரிதான் ஆச்சி" என்றது கூட்டம்.

ஆச்சி முழங்கால் வரை இறங்கினார். புத்தகத்தைத் தூக்கிய வித்தை அவருக்குத் தெரியும், ஆனால் தன்னைத் தானே மறுத்துப் பேசினால், ஆகா, என்ன அடக்கம் என்று சொல்லிக் கும்பிட்டார்கள், இடுப்பு வரை போய்விட்டார். அவ்வளவு நாளும் எதற்கும் கலங்காத ஆச்சி அன்று பயந்தார், வாய்விட்டு அழுதார். அழுகிற அம்மன் என்று ஒரு கிழவி கற்பூரம் ஏற்றினாள்.

அப்போதுதான் வாசலில் சாத்தையா வந்து நின்றார். வழக்கமாக வருகிற நேரம்தான், மேளத்தையும் பார்க்கவில்லை, மாலையையும் பார்க்கவில்லை, இடுப்பளவு தரைக்குள் நின்ற ஆச்சியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "வடக்கு அறை எங்களுது ஆச்சி. நீங்க எம்புட்டு ஆழத்துல நின்னாலும் அது எங்களுதுதான்."

"அது எப்படி உங்களுதாகும்?" என்றார் ஆச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எங்களைப் பெத்த அப்பச்சி அதுலதான் படுத்திருந்தாக."

"படுத்தவுகளுக்கெல்லாம் அறைன்னா, பூனைக்கும் ஒரு அறை எழுதி வைக்கணும்."

"அந்த அறைச் சாவி யாருட்ட இருந்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல. உங்களுக்கு நியாயமும் தெரியாது, வழக்கும் தெரியாது, கூரையைப் பத்தி நீங்க பேசினது எல்லாமே தப்பு. நான் அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன்."

ஆச்சி முழங்கால் வரை மேலே வந்தார். சாத்தையா விடவில்லை, பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து ஆரம்பித்தார். ஆச்சி வரிக்கு வரி வெட்டினார், ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் ஒரு மறுவெட்டு வைத்திருந்தார், அவை எல்லாம் அப்பட்டமான சுயநலம், கலப்படமில்லாத பிடிவாதம், ஒன்றில்கூடப் பக்தி என்கிற வாசனை இல்லை. மேளக்காரர்கள் எப்போது போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெயில் வளவுக்குள் இறங்குகிற நேரத்தில் ஆச்சி தரைமேல் நின்றார், கல் மறுபடி ஒட்டிக்கொண்டது.

ஆச்சி அடுப்படிக்குப் போனார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து சாத்தையா முன்னால் வைத்தார்.

சாத்தையா ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தலை" என்றார்.

"பத்தும், குடிங்க" என்றார் ஆச்சி.